எண்ணெய் விலை சரியும்போது

எண்ணெய்க் கிணறு என்றவுடன் அதற்கு உரிமை பூண்ட பெருங்கம்பெனிகளின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பூமியைத் துளைப்பதும், துளைத்த வழியில் இரும்புக் குழாய்களை இறக்கி அவற்றைச் சுற்றிலும் சிமெண்டுக் குழம்பைச் செலுத்துவதும், கருவிகளைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு அனுப்பிப் பாறையின் தன்மையை அறிவதும் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்படும் வேறு ஸ்தாபனங்களின், அதாவது சேவைக் கம்பெனிகளின், காரியமாகும். 1919-ல் ஒக்லஹோமாவில் சிமெண்டு வேலையோடு தொடங்கிய ஹாலிபர்ட்டனும், 1927-ல் பிரான்சு நாட்டுக் கிணறு ஒன்றை முதன்முதலாக மின்சாரத்தால் சோதித்தறிந்த ஷ்லம்பர்ஜே சகோதரர்களின் கம்பெனியும் இவற்றுள் பிரசித்தமானவை.

விலை வீழ்ச்சியின் முதல் அடி இவர்கள் தலைமேல்தான் விழுகிறது. 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், அமெரிக்க ஷேல் பாறையின் எண்ணெய் சந்தையில் பெருகியதாலும், அவ்வாண்டு நவம்பரில் ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைக்க உடன்படாததாலும், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. முன்பே தோண்டிய கிணற்றிலிருந்து எண்ணெய் எடுக்கப் பெரும்பாலும் சொற்பச் செலவே ஆகுமாதலால், உரிமையாளர் அதை எளிதில் மூடுவதில்லை. புதுக் கிணறு தோண்டுவதைத்தான் நிறுத்துகிறார். அவருக்கு வருமானம் குறைகிறது. சேவைக் கம்பெனிக்கோ வேலையே அற்றுப்போகிறது. எஞ்சியிருக்கும் வேலைக்கும் கூலியைத் தள்ளிக் கொடு என்ற நிர்ப்பந்தம் எழ, யந்திரங்கள் சும்மா கிடப்பதைவிட அசல் செலவாவது கிடைக்கட்டும் என்று அவர்கள் இணங்க நேர்கிறது. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் 1,609 ஆக இருந்த எண்ணெய் ரிக்குகள், அதாவது கிணறு தோண்டும் சாதனங்கள், 2016 மே மாதத்தில் 316 ஆகச் சுருங்கின. ஷ்லம்பர்ஜே 2015 ஜனவரியில் 9,000 பேரையும், ஏப்ரலில் மேலும் 11,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தது.

என் மனத்தை மிகவும் வருத்துவது அந்த எண்ணிக்கையினும், அதனோடு மறையும் வித்தையே. பல்லாயிரம் அடி ஆழத்தில் நிகழ்வதை மேலே அளவுமானியின் முள் அசைவிலும், துளைக்குள் செலுத்தப்பட்டுத் திரும்பி வரும் சேற்றின் போக்கிலும் கண்டு, விபத்து நேருமுன் தடுக்கும் சாமர்த்தியம் பல ஆண்டு அனுபவத்தால் வருவது. வேலை இழந்தவர் வேறு ஜீவனம் தேடிப் போனபின், விலை ஏறியவுடன் அழைத்தால் எல்லோரும் திரும்புவதில்லை. 1986-ன் எண்ணெய் விலை வீழ்ச்சிக்குப் பின் இளைஞர் பலர் இத்தொழிலை நாடாமல் ஒதுங்கியதால், நடுவயது அனுபவஸ்தர்களின் பஞ்சத்தை அது நெடுங்காலம் அனுபவித்தது. யந்திரத்தை எண்ணெய் பூசி நிறுத்திவைக்கும் கம்பெனிகள், விலை உயர்ந்த காலத்து லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தேர்ந்த தொழிலாளியையும் குறைந்த சம்பளத்திலேனும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.