முகம் காட்டாததைக் குருதி காட்டுமா?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பர். ஆனால் சத்துணவின்றி வாடும் குழந்தையின் நிலை எப்போதும் முகத்தில் தெரிவதில்லை. குவாஷியார்க்கர் என்னும் நோயில் முகமும் கால்களும் நீர் கோத்து வீங்கும். பார்ப்பவர்க்குக் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகவே தோன்றும். இன்றைய கானா நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1935இல் இப்பெயரை மருத்துவ உலகிற்கு அறிவித்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கும் பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

வீக்கம் தோன்றுமுன்பே குறையை அறிய இயலாதா? வேதியியல் மாணவியாகிய என்னை ஈர்த்த வினா இது.

நாம் உண்ணும் உணவிலுள்ள அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரல் பல புரதங்களைச் செய்து குருதியில் விடுகிறது. உணவு குறைந்தால் இவ்வுற்பத்தியும் குறையும். ஆயினும் பழைய இருப்பு தீரும்வரை குறை வெளிப்படாது. குதிர் நிறைய நெல் உள்ள வீட்டில் வரவு நின்றது உடனே தெரியாது. அன்றாடம் வாங்கிச் சமைக்கும் வீட்டில் மறுநாளே தெரிந்துவிடும் அல்லவா?

அல்புமின் முதல் வீட்டைப் போன்றது. அதன் அளவில் பாதி அழிய ஏறத்தாழ 20 நாள்கள் ஆகும். பிரீஅல்புமினுக்கு 2 நாள்களே. ரெட்டினால் பிணைப்புப் புரதத்திற்கு 12 மணி நேரமே. எனவே பின்னிரண்டும் விரைவில் எச்சரிக்கும். பிரீஅல்புமினை இவ்வாறு அளவுகோலாகக் கொள்ளலாம் என்று இங்கன்பிளீக் குழுவினர் 1972இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர்.

ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. தொற்றுநோய் வந்தால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதம் போன்ற தற்காப்புப் புரதங்களை மிகுதியாகச் செய்யும். அல்புமினும் பிரீஅல்புமினும் குறைந்துவிடும். நன்கு உண்ணும் குழந்தைக்கும் காய்ச்சலின்போது இவ்வாறு நேரலாம். மாறாக, எலும்பும் தோலுமாய் மெலிந்த குழந்தையின் அல்புமின் இயல்பாகவே இருப்பதும் உண்டு. குறைந்த எண்ணைக் கண்டதும் பசி என்று முடிவு கட்டினால் தொற்று கவனிக்கப்படாமல் போகும். இயல்பான எண்ணை நம்பினால் பசி கவனிக்கப்படாமல் போகும். இரண்டுமே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

ஆகவே குருதிப் புரதங்களை மட்டும் கொண்டு சத்துக்குறைவை முடிவு செய்வதை இன்றைய வல்லுநர்கள் ஏற்பதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் சத்துக்குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதத்தை விரலால் அழுத்திப் பார்க்கையில் குழி விழுந்தாலும் எச்சரிக்கையே.

ஊசியும் ஆய்வுக்கூடமும் இல்லாத சிற்றூரிலும் ஓர் அளவு நாடாவும் அக்கறையுள்ள கண்ணும் போதும். குருதியின் செய்தியை அவற்றோடு சேர்த்துப் படிப்பதே அறிவுடைமை.