குட்டிச்சாத்தானுக்கு வைத்த முறுக்கு

1985-ஆம் வருஷம். எனக்கு ஒன்பது வயசு. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எங்கள் ஊருக்கு வந்ததும் தெருவே அதைப் பற்றித்தான் பேசியது. எதிர்வீட்டு அக்கா மட்டும், “அந்தக் கண்ணாடியை நூறு பேர் போட்டுக் கழட்டுவாங்க. மெட்ராஸ் ஐ வந்துடும், ஜாக்கிரதை!” என்று பயமுறுத்தினாள். இந்தப் பயம் பல ஊர்களிலும் பரவியதால், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று நட்சத்திரங்களையே பேச வைத்து, படத்துக்கு முன்னால் காட்டினார்கள். அப்படியும் அம்மா முந்தானையால் துடைத்துத்தான் எனக்கு மாட்டிவிட்டாள்!

நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கி, 1984-ல் மலையாளத்தில் வெளிவந்த படம். இந்தியாவின் முதல் 3-டி படம் அதுதான். மந்திரவாதியிடம் அடிமையாக இருக்கும் குட்டிச்சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவிப்பதுதான் கதை. குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டு ஒன்று வரும். முழு அறையையே சுழலும்படி கட்டி, காமிராவையும் கூடவே சுழற்றி எடுத்தார்களாம். தியேட்டரே கை தட்டியது.

என் மனசு மட்டும் வேறொன்றில் சிக்கிக்கொண்டது. அந்த மூவரில் ஒரு பெண்ணின் அப்பா குடிகாரர். குட்டிச்சாத்தானோ எவ்வளவு குடித்தாலும் மயங்காதவன். அவனை வைத்தே அப்பாவைத் திருத்தப் பார்க்கிறாள் அவள். எங்கள் வீட்டிலும் சம்பள தினம் என்றால் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று ராத்திரி குட்டிச்சாத்தானுக்கென்று இரண்டு முறுக்கை ஜன்னலில் ஒளித்து வைத்தேன். காலையில் பார்த்தால் எறும்புதான் மொய்த்திருந்தது. நான் நல்ல பெண் இல்லை, அதனால்தான் அவன் வரவில்லை என்று அழுதேன்.

“யாருக்குடி இந்த முறுக்கு?” என்றாள் அம்மா. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “அப்பா குடிக்கறதுக்கு நீ காரணம் இல்லேம்மா. அதை நிறுத்தறதும் உன் வேலை இல்லே. அது பெரியவங்க பார்த்துக்க வேண்டியது” என்றாள்.

பார்த்துக்கொள்ள நாலு வருஷம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை அப்பா மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் செய்துகொண்ட பிறகுதான் விட்டார். குடி ஒரு நோய். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று தாமாகவே நிறுத்தினால் கைநடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரலாம். டாக்டரின் மேற்பார்வை அவசியம். சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

2010-ல் அதே படம், பிரகாஷ்ராஜ், சந்தானம் நடித்த புதுக் காட்சிகளோடு ‘சுட்டிச்சாத்தான்’ என்று மறுபடி வந்தது. என் மகளையும் அப்பாவையும் அழைத்துப் போனேன். புதுக் காட்சிகள் என் மனசில் ஒட்டவில்லை. பழைய காட்சிகள் எப்போது வரும் என்றே காத்திருந்தேன். மகளோ கூரையில் நடப்பதைப் பார்த்துக் கைதட்டினாள். அவளுக்கு அந்தக் குடிகார அப்பா கண்ணில் படவே இல்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதி!

வெளியே வந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்: “நீ முறுக்கு வெச்சது இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தானா? அம்மா சொல்லியிருக்கா.”

தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, குழந்தைகளை மாயாஜாலப் படத்துக்கு அழைத்துப் போனால், வீடு திரும்பியதும் ஒன்று கேளுங்கள்: “அந்தக் குட்டிச்சாத்தான் நம்ம வீட்டுக்கு வந்தா என்ன கேட்பே?” சைக்கிள் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். வேறு ஏதாவது கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.