பிறப்போடு வருவது: தாலசீமியா பற்றித் தாத்தா, பாட்டிகளுக்கு

பேரப்பிள்ளை பிறந்ததும் "தாத்தாவின் மூக்கு, பாட்டியின் நிறம்" என்கிறோம். தோட்டத்தில் மாடு வளர்த்தவர்கள், தாய்ப்பசுவின் நெற்றிச்சுட்டி கன்றுக்கும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தில் வருபவையும் உண்டு. அவற்றுள் ஒன்று தாலசீமியா.

தாலசீமியா என்றால் என்ன?

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறைபாடு இது. தொற்றாது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறு வந்தால் அவர் நோயாளி அல்லர். வழக்கம்போல் வாழலாம்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வகைக் கூறு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. நோய் கடுமையானால் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

யார் மீதும் பழி வேண்டாம்

நோயுள்ள பிள்ளைக்கு அக்கூறு இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. "மருமகள் கொண்டு வந்தது" என்பது தவறு. மலேரியா மிகுந்த நாடுகளில் இக்கூறு பரவலாக உள்ளது. ஒரு பக்கக் கூறு மட்டும் உள்ளவர்களை அது கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது. அந்தக் காய்ச்சல் பழைய ரப்பர் தோட்டங்களில் எத்தனை உயிர்களைப் பறித்தது என்று உங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

• 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குத் தாலசீமியா இரத்தப் பரிசோதனை நடைபெறுகிறது. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால், "பிள்ளைக்கு எதற்கு ஊசி?" என்று தடுக்காதீர்கள். முடிவைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

• அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறீர்களா? ஒரே குடும்பத்தில் இருவருக்கும் இக்கூறு இருக்கும் வாய்ப்பு அதிகம். ஜாதகம் பார்க்கும்போதே இரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

• "இரத்தம் குறைவு" என்று பல ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பலனில்லையா? காரணம் இக்கூறாகவும் இருக்கலாம். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

அலோர் காஜா, ஜாசின், மலாக்கா தெங்ஙா ஆகிய எம்மாவட்டத்தில் இருந்தாலும், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் விசாரிக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இக்கூறு இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் மறைக்காதீர்கள். நீங்கள் இன்று சொல்லும் ஒரு வார்த்தை, நாளை பிறக்கும் பிள்ளைக்கு உதவும்.