எஞ்சினின் சிவப்பு ஏன் வெளிறுகிறது?

டபிள்யூஏபி-4 மின்சார ரயில் எஞ்சின்கள் இரண்டு அருகருகே நின்றால், ஒன்று செக்கச்செவேலென்றும் மற்றொன்று வெளிறிய ரோஜா நிறத்திலும் இருக்கலாம். முதல் காரணம் வெயில். பெயின்ட் என்பது நிறமித் துகள்களைப் பிசின் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய படலம். புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிசினின் வேதிப் பிணைப்புகளை அறுக்கின்றன. மேற்பரப்பு பொடிந்து, தொட்டால் விரலில் சுண்ணாம்புபோல் ஒட்டும். அங்கே ஒளி சிதறுவதால் நிறம் வெளுத்துத் தெரிகிறது. பளிச்சிடும் கரிமச் சிவப்புகள் பலவற்றில் நிறமியின் மூலக்கூறே சிதைந்துவிடும். இரும்பு ஆக்சைடான செங்காவியோ அசையாது. அந்த உறுதி என்னை எப்போதும் வியக்கவைக்கும். அடுத்த காரணம் அழுக்கு: பிரேக் கட்டைகள் உதிர்க்கும் இரும்புத் தூள் துருப்பிடித்துப் பழுப்பேற்றுகிறது.

பழைய நீராவி எஞ்சினின் அசல் நிறத்தை அறிய, வெயில் படாத பெயர்ப்பலகையின் அடியில் சுரண்டிப் பார்ப்பார்கள். அதையும் அப்படியே நம்ப முடியாது: ஆளிவிதை எண்ணெய் பெயின்ட் இருட்டில் மஞ்சள் பாரித்துவிடும்.