ஊதியது சரியா? ஊதாமல் விட்டது சரியா?

கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதியதும் ஒரு பக்கம் கைதட்டும். மறுபக்கம் கூச்சல் போடும். நீங்களும் ஏதாவது ஒரு பக்கம் நின்று கத்தியிருப்பீர்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தாம் கொடுத்த ஃபவுல் சரிதானா என்று அந்த நடுவர் எதை வைத்துத் தீர்மானிக்கிறார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மேலே பட்டாலே ஃபவுல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் பத்துப் பேர் பாய்ந்து ஓடும்போது உடலோடு உடல் படத்தான் செய்யும். அதனால் யாருக்காவது நியாயமற்ற லாபம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. பந்தோடு ஓடியவரின் வேகம் தடைபட்டதா? நிலை தடுமாறினாரா? எறியும் கை விலகிப் போனதா? அப்படியானால் ஊத வேண்டும். லேசாக உரசியும் அவர் தம் போக்கில் போய்விட்டால், பெரும்பாலும் ஆட்டத்தை ஓட விடுவதே முறை.

இரண்டாவது கேள்வி, அந்த இடம் யாருக்கு உரியது என்பது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவர் முறையாகப் பிடித்து நிற்கும் இடமும், அதற்கு நேர் மேலே உள்ள வெளியும் சொந்தம். தடுப்பவர் தம் இடத்திலேயே நேராக எம்பிக் குதித்திருக்க, மற்றவர் வந்து மோதினால், தடுத்தவர்மேல் குற்றமில்லை. ஆகவேதான், பந்தைப் பார்க்காதே, தடுப்பவரைப் பார் என்று நடுவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் மனசாட்சிக்குரியது. நடந்ததைத் தொடக்கம் முதல் முடிவு வரை நான் பார்த்தேனா? ஒருவர் விழுந்ததை மட்டும் கண்டு ஊதியிருந்தால் அது வெறும் ஊகம். கணக்குப் போடாமல் விடையை ஊகித்து எழுதிய மாணவனைப் போலத்தான். விடை சரியாக அமைந்தாலும், நல்ல நடுவர் அதைத் தம் திறமை என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஊதாத விசிலுக்கும் கணக்கு

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களைப் படம் போட்டு ஆராய்ந்து, அறிக்கை வெளியிடுகிறார்கள். 2015-ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. அதில் நான்கு வகைகள் உண்டு: சரியாக ஊதியது, தவறாக ஊதியது, சரியாக ஊதாமல் விட்டது, தவறாக ஊதாமல் விட்டது. பேசாமல் இருந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அங்கே செல்லாது.

2023 ஜனவரி 28-ஆம் தேதி பாஸ்டன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். பாஸ்டன் செல்டிக்சும் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்சும் 105-105 என்று சமநிலை. கடைசி விநாடிகளில் லேக்கர்ஸ் வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கிப் பாய்ந்தார். ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்தார். பந்து உள்ளே போகவில்லை. விசில் ஒலிக்கவில்லை. கூடுதல் நேரத்தில் செல்டிக்ஸ் 125-121 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததுமே நடுவர் குழுத் தலைவர் அடி பட்டதை ஒப்புக்கொண்டார். நடுவர் சங்கமும், இந்தத் தவறு தங்களைத் தூங்கவிடாது என்று பகிரங்கமாக அறிவித்தது. ஆனால் முடிவு மாறவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சபலம் தோன்றும். இவர்களுக்கு ஒன்று தவறிவிட்டது, அடுத்ததை இவர்கள் பக்கம் ஊதிச் சரிக்கட்டிவிடலாமே என்று! அதுதான் கூடாது. ஒரு தவறை இன்னொரு தவறால் ஈடுகட்டினால் தவறு இரண்டாகுமே தவிர, நியாயம் ஆகாது. அடுத்த தீர்ப்பை அதற்குரிய நியாயப்படியே சொல்ல வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் சண்டையைத் தீர்க்கும் நமக்கும் இது பொருந்தும். நேற்று பெரியவனை வீணாகத் திட்டிவிட்டோம் என்பதற்காக இன்று சின்னவனைத் திட்டலாமா?

அடுத்த முறை கூடைப்பந்து பார்க்கப் போனால், சிறிது நேரம் பந்தை விட்டுவிட்டுத் தடுப்பவரின் காலையும் கையையும் கவனியுங்கள். அதன் பிறகு நடுவரைத் திட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.