செப்சிஸ்: உயிரணுவின் காயத்தை ரத்தத்தில் படிப்பது

இடைசெவல் பக்கம் கரிசல்காட்டில் முள் ஏறாத கால் இல்லை. பெரும்பாலும் பிடுங்கிப் போட்டதோடு சரி. சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில்தான் முள் தெரியாமலே தங்கிச் சீழ் வைக்கும். காய்ச்சலும் மேல்மூச்சும் வந்து, பேச்சு குழறிய பிறகு கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது" என்பார் மருத்துவர். அதுதான் செப்சிஸ்.

கிருமியை அடக்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பே கட்டுமீறிச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும் நிலை இது. 2017-இல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடிப் பேர் செப்சிஸ் தொடர்பாக இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இறந்தவர்களின் உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. செயலிழந்த உறுப்பிலும் செத்த உயிரணுக்கள் குறைவாகவே இருந்தன. உயிரோடு இருந்தும் அவை ஏன் வேலை செய்யவில்லை? 2002-இல் லண்டனில் மெர்வின் சிங்கர் குழுவினர் 28 செப்சிஸ் நோயாளிகளின் தொடைத் தசையில் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பிழைத்தவர்களைவிட இறந்தவர்களின் தசையில் ஏடிபி குறைவாக இருந்தது. உயிரணு இயங்கத் தேவையான அந்த ஏடிபியில் பெரும்பகுதியைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா.

உயிருக்குப் போராடுபவரின் தசையை வெட்டி வெட்டிப் பார்க்க முடியாது. ரத்தம் எடுக்கலாம். மைட்டோகாண்ட்ரியா சிதைந்தால் அதன் டிஎன்ஏ ரத்தத்தில் சிந்துகிறது. 16,569 எழுத்துகள் கொண்ட சிறு வளையம் அது. 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு உயிரணுவுக்குள் குடியேறிய பாக்டீரியாதான் மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை. நம் வட்டாரக் காடுகளில் கடிக்கும் சிறு பூச்சியால் வரும் ஸ்கிரப் டைபஸ் கிருமிக்குக்கூட அது தூரத்துச் சொந்தம். அந்தப் பாக்டீரியா வாடை மைட்டோகாண்ட்ரியாவை விட்டு இன்னும் போகவில்லை. சிந்திய துண்டுகளைப் பாக்டீரியா என்றே நினைத்து உடலின் எதிர்ப்பு அணுக்கள் பாய்வதை, விபத்துக் காயமடைந்தவர்களிடம் 2010-இல் பாஸ்டனில் கார்ல் ஹவுசர் குழுவினர் காட்டினார்கள். அப்படியானால் அந்த டிஎன்ஏ வெறும் அடையாளம் இல்லை, தீக்கு எண்ணெயும்கூட. ரத்தத்தில் அது மிகுந்திருந்த தீவிர சிகிச்சை நோயாளிகள் 28 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது.

இந்த டிஎன்ஏவை அளக்கப் பிசிஆர் கருவி போதும். சிக்கல் ரத்த மாதிரியில். குழாயில் ரத்தம் உறைந்தாலோ நேரம் கடந்தாலோ அதிலுள்ள அணுக்களே உடைந்து டிஎன்ஏவைக் கொட்டிவிடும். கோவில்பட்டியில் எடுத்த ரத்தம் வெயிலில் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் எண் பொய்யாகலாம். ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு முறையில் அளப்பதால் பொதுவான எல்லை எண்ணும் அமையவில்லை.

ஆகவே இன்றைக்கு நம் ஊருக்கு முதலில் வேண்டியது, உடல் தவிக்கும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டை அளக்கும் பரிசோதனை என்றே நினைக்கிறேன். சில நிமிடங்களில் படுக்கை அருகிலேயே முடிவு கிடைக்கும். லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் எச்சரிக்கை. கல்லீரல் கோளாறிலும் அட்ரினலின் மிகும்போதும் அது கூடும் என்பதால், மைட்டோகாண்ட்ரியாவின் காயத்துக்கு அதுமட்டும் சாட்சியாகாது. ஆனால் ஒருமுறை பார்த்து, சிகிச்சைக்குப் பின் மறுபடி பார்த்தால் நோயாளி எந்தப் பக்கம் போகிறார் என்று ஓரளவு தெரியும். ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறவேண்டும் என்கின்றன சர்வதேச நெறிமுறைகள். அந்த நேரம் வீணாகாமல் இருக்க, கூட வருபவர்கள் வாசலிலேயே மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: காய்ச்சல் எப்போது தொடங்கியது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, காலில் புண் இருக்கிறதா.