வாசலுக்கு எந்தச் செண்பகம்?

உறைபனியையே தாங்கும் அமெரிக்க மேக்னோலியா நம்ம சேலம், நாமக்கல்லில் வருமான்னு கேட்கறாங்க. ஏற்காட்டுக் குளிரில் வெச்சுப் பார்க்கலாம். கீழே நமக்குப் பனி கணக்கில்லைங்க. சித்திரை வெயிலும் சுண்ணாம்பு மண்ணும்தான் கணக்கு. அதே இனத்துச் செண்பகமும் பச்சை மாறாத மரம்தான்.

வெள்ளைச் செண்பகம் விதை பிடிப்பது அபூர்வம். ஒட்டுக்கன்றுதான் வாங்கணும், சீக்கிரம் பூக்கும். மஞ்சள் விதையிலேயே வரும், பூக்கத்தான் சில வருஷமாகும். ஆனாலும் நான் மஞ்சளைத்தான் சொல்வேன். விதையை நாமே எடுக்கலாம், பறவைக்கும் தீனி. சிவப்புச் சதையைத் தேய்த்துக் கழுவி உடனே விதைச்சிடுங்க; காய்ஞ்சா முளைக்காது. கன்று சிறிசா இருக்கும்போதே நட்டு, மக்கிய எருவும் மூடாக்கும் போடுங்க. பெரிசான பிறகு பிடுங்கி வெச்சா வேர் தாங்காது. தண்ணி தேங்கினாலும் அழுகிடும்.